பெட்டிக்கும் உண்டா வரி?

சாலையோரத்தில் நீளமான இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. பக்கவாட்டில் ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி, மூலையில் காப்பி இயந்திரம். வெளியே புத்தம் புதிய பச்சை வர்ணம். ஆனாலும் வர்ணத்துக்கு அடியிலிருந்து நாலு ஆங்கில எழுத்தும் ஏழு எண்ணும் மங்கலாக எட்டிப் பார்க்கின்றன. ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த கண்டெய்னர் அது. இப்போது காப்பிக் கடை! நீங்களும் இப்படி ஒன்றை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

காப்பி எப்படியிருக்கும் என்பதுதான் நமக்குத் தோன்றும். சுங்க இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் அந்த வழியே போனால் அவருக்கு வேறொன்று தோன்றும். “இந்தப் பெட்டிக்கு வரி கட்டியாயிற்றா?” என்று.

பெட்டிக்குள் வந்த சாமானுக்கு வரி போடட்டும், பெட்டிக்கு எதற்கு வரி என்று கேட்கிறீர்களா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை. அது நம் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே தொடங்குகிறது.

பக்கத்து வீட்டு மாமி ஒரு எவர்சில்வர் டப்பாவில் தேன்குழல் கொடுத்து அனுப்புகிறாள். தேன்குழல் நமக்கு, டப்பா மாமிக்கு. இதை யாரும் எழுதி வைப்பதில்லை. அதே தேன்குழலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தால் பையை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். தீபாவளிக்கு ஒரு வெள்ளிச் சம்படத்தில் நாலு முந்திரிப் பருப்பைப் போட்டு யாராவது கொடுத்தால்? அப்போது வெகுமதி பருப்பா, சம்படமா என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பாத்திரம் ஒன்றுதான், ஆனால் அது திரும்பிப் போகிறதா, பண்டத்தோடு தீர்ந்துபோகிறதா, அல்லது அதுவேதான் பண்டமா என்பதில் மூன்று விதம் இருக்கிறது.

உலகத்துச் சுங்கச் சட்டமும் இதே மூன்று விதத்தைத்தான் பேசுகிறது என்றால் நம்புவீர்களா? பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உலகச் சுங்க அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சரக்கை எந்தத் தலைப்பின் கீழ் வைத்து வரி போடுவது என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு பெரிய ஜாபிதா அதன் பொறுப்பில் இருக்கிறது. 1988 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்த ஜாபிதாவின் முகப்பிலே ஆறு பொது விதிகள். அவற்றில் ஐந்தாவது விதி முழுக்க முழுக்கப் பெட்டிகளையும் உறைகளையும் பற்றியது!

அட்டிகை வைக்கும் பெட்டி, வாத்தியம் வைக்கும் பெட்டி, காமிரா உறை இவையெல்லாம் அந்த விதியில் பெயர் சொல்லியே வருகின்றன. அட்டிகையோடு சேர்த்து விற்கிற பெட்டியானால் அதற்குத் தனிக் கணக்கு இல்லை. அட்டிகை எந்தத் தலைப்போ பெட்டியும் அந்தத் தலைப்பு. ஆனால் பெட்டியே முக்கியமாகிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. விதிக்கு எழுதப்பட்ட விளக்கத்தில் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்: தேயிலை நிரப்பிய வெள்ளிச் சம்படம், மிட்டாய் நிரப்பிய அலங்காரப் பீங்கான் கிண்ணம்! அந்த விளக்கத்தை எழுதியவர் வீட்டில் நிச்சயம் ஒரு தீபாவளி போன்ற பண்டிகை இருந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம்.

மிச்சமிருப்பது மாமியின் டப்பா. அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுகிற பாத்திரம். சாதாரண அட்டைப் பெட்டி, சாக்கு, மரப்பெட்டி எல்லாம் உள்ளே இருக்கும் சரக்கோடு சேர்ந்தே கணக்காகும். மறுபடி மறுபடி உபயோகிக்கக்கூடியது என்று பார்த்தவுடனே தெரிகிற பாத்திரத்துக்கு அப்படிச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது விதி. இதற்கும் விளக்கத்தில் ஒரு வீட்டு உதாரணம் உண்டு. நம் அடுக்களையில் நிற்கும் காஸ் சிலிண்டர் இனம்தான்! அழுத்தி அடைத்த வாயுவைச் சுமந்து வரும் இரும்புச் சிலிண்டர் வேறு, வாயு வேறு. நாமும் சிலிண்டருக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். காஸுக்கு மாதா மாதம் விலை கொடுக்கிறோம். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

ஆகவே, துறைமுகத்தில் வந்து இறங்கும் கண்டெய்னர் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதற்கென்றே ஜாபிதாவில் தனித் தலைப்பும் இருக்கிறது. 8609 என்பது அதன் எண். இருபது அடி நீளம், எட்டு அடி அகலம், எட்டரை அடி உயரமுள்ள ஓர் இரும்பு அறை. காலியாக நிறுத்தாலே இரண்டு டன்னுக்கு மேல். அதை ‘உறை’ என்று சொல்லித் தப்பவைக்க முடியாதல்லவா?

அப்படியானால் சிக்கலைப் பாருங்கள். ஒரே கண்டெய்னர் இன்று கொழும்பு, அடுத்த வாரம் சிங்கப்பூர், பிறகு ராட்டர்டாம் என்று ஊர் ஊராகப் போகிறது. போன இடமெல்லாம் “நீ இரும்புச் சாமான், வரி கட்டு” என்று கேட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் பெட்டியின் விலையை வரியே விழுங்கிவிடும். அந்தப் பணம் கடைசியில் யார் தலையில் விடியும்? பெட்டிக்குள் வருகிற பருப்பிலும் பாமாயிலிலும் கைபேசியிலும் மருந்திலுமாக, உங்கள் வீட்டு மாதச் செலவில்தான்.

இதை நல்லவேளையாகச் சிலர் முன்கூட்டியே யோசித்தார்கள். 1956-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி, அமெரிக்காவில் நூவர்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்று 58 பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஹூஸ்டன் நகரத்துக்குப் புறப்பட்டது. மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி இறக்காமல், லாரியின் மேல்பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். இன்றைய கண்டெய்னர் கப்பல்களுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

அதற்குப் பிறகு சரியாக 22 நாள் கழித்து, மே 18 அன்று, ஜினீவாவில் ‘கண்டெய்னர்கள் பற்றிய சுங்க ஒப்பந்தம்’ கையெழுத்துக்கு வந்தது! மக்லீனின் கப்பலைப் பார்த்துவிட்டு எழுதியதல்ல அது. ஐரோப்பாவில் ரயிலிலும் லாரியிலும் எல்லை தாண்டும் பெட்டிகளுக்காக எழுதினார்கள். கண்டெய்னருக்குக் கப்பல் கிடைத்ததும் கடவுச் சீட்டு கிடைத்ததும் ஒரே மாதத்துக்குள். இரண்டு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

1972 டிசம்பர் 2 அன்று அதே ஜினீவாவில் இதைத் திருத்திப் புதிதாக எழுதினார்கள். அதன் சாரம் மாமி டப்பாவின் சாரம்தான். திரும்பிப் போகப் போகிற பெட்டியானால் வரி வேண்டாம். மூன்று மாதத்துக்குள் போய்விட வேண்டும். காரணமிருந்தால் அதிகாரிகள் தவணை நீட்டலாம். இதிலே எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் இந்தப் பெட்டிகளுக்குப் பத்திரமும் கேட்பதில்லை, ஜாமீன் பணமும் கேட்பதில்லை என்பது பொது முறை. பெட்டியின் சொந்தக்காரர் எந்தப் பெட்டி எப்போது எங்கே போயிற்று என்று ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் போதும். வாய்ச் சொல்லை நம்பிப் பாத்திரம் கொடுப்பது போல.

உள்நாட்டில் அந்தப் பெட்டியை என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். காலியான பெட்டியை உள்ளூர்ச் சரக்கு ஏற்றிச் சம்பாதிக்க விடலாமா? விடலாம், ஆனால் ஒரே ஒரு தடவை; அதுவும் திரும்பிப் போகிற வழியிலோ, அடுத்த ஏற்றுமதிச் சரக்கு காத்திருக்கிற ஊரை நோக்கியோ இருந்தால்தான். மாமியின் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் ரேஷன் கடைச் சர்க்கரையை அதில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மாசக்கணக்கில் நம் அலமாரியில் வைத்து ஆளக்கூடாது என்கிற மாதிரி. விபத்தில் நசுங்கிப்போன பெட்டிக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. வரி கட்டலாம், அல்லது சர்க்காரிடம் விட்டுவிடலாம், அல்லது அதிகாரி முன்னிலையில் உடைத்துப் போடலாம்.

சரி, ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே மாதிரி அடுக்கியிருக்க, எது யாருடையது என்று எப்படித் தெரியும்? நம் பாட்டிகள் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொண்டது எதற்காக? அதேதான் இங்கேயும். காப்பிக் கடைச் சுவரில் பச்சை வர்ணத்துக்கு அடியில் எட்டிப் பார்த்ததே, அந்த நாலு எழுத்தும் ஏழு எண்ணும்தான் பெட்டியின் பெயர். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரருடையது. பாரிஸில் 1933-இல் ஏற்பட்ட ஒரு கண்டெய்னர் சங்கத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். உலகத்தில் வேறு யாரும் அதை வைத்துக்கொள்ள முடியாது. நாலாவது எழுத்து ‘யு’ என்றிருந்தால் அது சரக்குப் பெட்டி. பிறகு ஆறு எண் வரிசை எண். கடைசி எண் மட்டும் பலே கெட்டிக்காரத்தனமானது. முன்னால் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு மதிப்புக் கொடுத்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிப்பாகப் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் அது. எழுதும்போது யாராவது ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் கடைசி எண் ஒத்துக்கொள்ளாது; குட்டு வெளிப்பட்டுவிடும். கணக்கில் புலியாக இருக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால், அடுத்த முறை லெவல் கிராஸிங்கில் கண்டெய்னர் ரயில் போகும்போது காகிதமும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1973-இல் கொச்சிக்குக் கண்டெய்னர் கப்பல் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1983-இல், சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே தனி முனையம் ஏற்பட்டது. சுங்க விஷயத்தில் மத்திய சர்க்கார் 1994 மார்ச் 16 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 104/94 என்று எண்ணைச் சொன்னாலே கிளியரிங் ஏஜெண்டுகள் தலையாட்டுவார்கள். நீடித்து உழைக்கிற பெட்டி, பாத்திர வகைகளுக்கு வரி முழுவதும் விலக்கு. ஆனால் ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்புவதாக ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுப்பியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அனுப்பாவிட்டால் வரி கட்ட வேண்டும். தகுந்த காரணமிருந்தால் தவணை நீட்டலாம். ஜினீவா ஒப்பந்தம் மூன்று மாதம் தந்து நம்பிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டது. நம்மவர்கள் ஆறு மாதம் தந்து பத்திரத்தையும் வாங்கிக்கொண்டார்கள். தாராளமும் ஜாக்கிரதையும் கலந்த நம் வழக்கம் அப்படி!

இந்த ஜாக்கிரதைக்குக் காரணம் இல்லாமலில்லை. நல்ல இரும்பு, அடியிலே கெட்டியான பலகைத் தரை. கிடங்காக்கலாம், அலுவலகமாக்கலாம், கடையாக்கலாம். விருந்தாளியாக வந்ததை வீட்டு மாப்பிள்ளையாக்கிக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். ஆக்கிக்கொள்வதில் தப்பில்லை, வரியைக் கட்டிவிட்டு ஆக்கிக்கொள்ள வேண்டும். பழசாகிப்போன பெட்டியை இங்கேயே விற்றுவிட விரும்பும் கப்பல் கம்பெனி அப்படித்தான் கணக்குத் தீர்க்க வேண்டும்.

இதெல்லாம் கப்பல் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வெளிநாட்டில் மகனோ மகளோ இல்லாத வீடு நம் நகரங்களில் எத்தனை? அவர்கள் ஒருநாள் குடும்பத்தோடு திரும்பி வரும்போது கட்டில், பீரோ, சலவை இயந்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஒரு கண்டெய்னரில்தான் வரும்.

என் சித்தி பெண் 2023-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அப்படித்தான் வந்தாள். சாமான் முந்திவிட்டது, அவள் பிந்திவிட்டாள். பள்ளிக்கூடத் தேர்வு முடியாமல் குழந்தைகளை அழைத்து வர முடியவில்லை. வீட்டுச் சாமானைச் சுங்கத்திலிருந்து விடுவிக்க அவளுடைய அசல் பாஸ்போர்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பதற்றப்படவில்லை. “அக்கா, பெட்டிக்கு ஆறு மாசம் டயம் இருக்காம். ஏஜெண்டு சொன்னார்” என்று போனில் நிம்மதியாகச் சொன்னாள்.

ஏஜெண்டு சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த ஆறு மாதம் பெட்டிக்குச் சுங்கச் சட்டம் கொடுத்த தவணை. கப்பல் கம்பெனி அவளுக்குக் கொடுத்த தவணை வேறு. அது ஏழே நாள்! எட்டாவது நாளிலிருந்து பெட்டியைப் பிடித்து வைத்திருப்பதற்கு ‘டிடென்ஷன்’ என்று நாள் வாடகை. அதுவும் டாலரில். முதல் வாரம் ஒரு விகிதம், அடுத்த வாரம் அதைவிட அதிகம், அதற்கடுத்து இன்னும் அதிகம். இது போதாதென்று, பெட்டி நின்றுகொண்டிருந்த சரக்கு நிலையத்துக்குத் தரை வாடகை தனி. அவள் வந்து பெட்டியைத் திறந்தபோது கட்டிய தொகையில் இரண்டு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம். உள்ளே வந்ததோ ஒரு பழைய ஃபிரிட்ஜ்.

“சட்டமே ஆறு மாசம் கொடுக்கிறபோது இவர்கள் யார் ஏழு நாள் சொல்ல?” என்று கொதித்தாள். அவள் கோபம் எனக்குப் புரிந்தது. கம்பெனி முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். பொடி எழுத்தில் பத்தாவது பக்கத்தில் அச்சடித்துவிட்டு, சொன்னதாகச் சாதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அவசரத்தின் காரணம் வேறு. பெட்டி ஓடினால்தான் பணம். நின்றால் நஷ்டம். சுங்க இலாகாவுக்குப் பெட்டி ஊரை விட்டுப் போனால் போதும். சொந்தக்காரனுக்கோ அது நாளைக்கே அடுத்த சரக்கை ஏற்றியாக வேண்டும்.

பெட்டிகள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2021-இல் உலகமே பார்த்தது. கோவிட் நோய்க் காலம். துறைமுகங்களில் ஆள் இல்லை. ஒரு பக்கம் பெட்டிகள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன, இன்னொரு பக்கம் பெட்டி கிடைக்காமல் ஏற்றுமதிச் சரக்கு தேங்கியது. மார்ச் 23-ஆம் தேதி ‘எவர் கிவன்’ என்ற ராட்சதக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்துக்கொண்டது இந்த நெருக்கடி நடுவில்தான். அந்த வருஷம் கப்பல் கூலி தாறுமாறாக ஏறியது.

நம் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். துளி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். கடல் வர்த்தகத்தில் அந்த மரியாதை எப்போதும் நடப்பதில்லை. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு நிரம்பிப் போகிற பெட்டிகளில் பெரும்பகுதி காலியாகத்தான் திரும்புகிறது. அமெரிக்காவிலிருந்து வாங்குவதற்கு அவ்வளவு சரக்கு இல்லை. 2021-இல் அவசரம் முற்றியபோது, அங்கே விவசாயிகளின் சரக்கு ஏறும்வரை காத்திருக்கக்கூடப் பொறுமையில்லாமல் காலிப் பெட்டிகளைக் கப்பலேற்றி ஆசியாவுக்கு விரட்டினார்கள். காலிப் பெட்டி சுமந்த கூலியும் நிரம்பிய பெட்டியின் கூலியில்தான் ஒளிந்திருக்கும்.

வெளிநாட்டிலிருந்து சாமான் வரப்போகிற வீட்டார் சில காரியங்களை முன்னாலேயே செய்துகொள்ளலாம். பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்ள எத்தனை நாள் என்பதை, சாமான் கப்பலேறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பே கேட்டால் கூடுதல் நாள் கொடுப்பதும் உண்டு. பெட்டி இறங்கிய பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் வருவதற்கும் சாமான் வருவதற்கும் தேதி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாமானைச் சரக்கு நிலையத்திலேயே இறக்கிவிட்டுப் பெட்டியை மட்டும் உடனே திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று ஏஜெண்டிடம் விசாரியுங்கள். அப்படிச் செய்தால் டாலர் வாடகை நிற்கும். தரை வாடகை மட்டும் ரூபாயில் ஓடும்.

வீட்டு வாசலுக்கே பெட்டி வந்து சாமானை இறக்கிக்கொண்டால், காலிப் பெட்டியைப் பெருக்கிவிட்டு, ஆணி, கயிறு, காகிதம் எதுவும் இல்லாமல் கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் எண்ணெய்க் கறை, சுவரில் பள்ளம் என்று பிற்பாடு பில் வரும்போது அந்தப் படம் பேசும். பெட்டி மாதவரத்திலோ மணலியிலோ ஒரு காலிக் கிடங்குக்குப் போய்ச் சேரும். அங்கே ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் அந்த நாலு எழுத்தும் ஏழு எண்ணும் சரியாக இருக்கின்றனவா, தேதி இருக்கிறதா என்று லாரிக்காரர் கையிலிருந்து வாங்கும்போதே பாருங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது திரும்பி வருவது அந்தச் சீட்டைக் காட்டினால்தான். என் சித்தி பெண்ணுடைய சீட்டு லாரியின் டாஷ்போர்டிலேயே பதினோரு நாள் கிடந்தது.